வழமை மாறிய வானிலையும் வழமை மாறாத சாவுகளும்

2024ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஹஜ் பயணத்தின்போது மெக்காவில் வெப்பநிலை 51.8 டிகிரி செல்சியசைத் தொட்டது. அந்த ஆண்டுப் பயணத்தில் 1,301 பேர் இறந்ததாகச் சவுதி அரசு அறிவித்தது. அதே அறிவிப்பில் இன்னொரு செய்தியும் இருந்தது: இறந்தவர்களில் 83 விழுக்காட்டினர் உரிய அனுமதிச் சீட்டு இல்லாமல் வந்தவர்கள். முறையான அனுமதியுடன் வருவதற்குப் பெருந்தொகை வேண்டும். அதைச் செலுத்த முடிந்தவர்களுக்குக் குளிரூட்டப்பட்ட கூடாரமும் பேருந்தும் கிடைத்தன. முடியாதவர்கள் நிழலும் தங்குமிடமும் இன்றி நெடுந்தொலைவு நடந்தார்கள். ஊரும் ஒன்று, நாளும் ஒன்று, வெயிலும் ஒன்று. சாவு மட்டும் அனைவருக்கும் ஒன்றாக இருக்கவில்லை.

உலகெங்கும் வானிலை வழமை மாறிவிட்டது என்பதை இன்று எவரும் மறுப்பதில்லை. ஆனால் அந்த மாற்றம் யார் மீது இறங்குகிறது என்ற கேள்வி வரும்போது, 'இயற்கைக்குச் சாதி மத பேதம் இல்லை' என்ற ஒற்றை வரியுடன் பேச்சு முடிக்கப்படுகிறது. இயற்கைக்குப் பேதம் இல்லை என்பது உண்மைதான். அது வந்து இறங்கும் சமூகத்துக்குப் பேதம் உண்டு. பேரிடரின் அளவை வானம் முடிவு செய்கிறது. அதில் மாள்பவர் யார் என்பதைச் சமூக அமைப்பு முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்கிறது. இதைச் சான்றுகளோடு பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வானத்தில் நிகழ்ந்திருப்பது என்ன?

அளவீடுகள் தொடங்கிய காலத்திலிருந்து மிக வெப்பமான ஆண்டாக 2023 பதிவானது. அதை 2024 முறியடித்தது. தொழில்மயமாவதற்கு முந்தைய சராசரியைக் காட்டிலும் 2024இன் புவிச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 1.55 டிகிரி கூடுதல் என்று உலக வானிலை அமைப்பு கணித்தது. 2015ஆம் ஆண்டு பாரிஸ் உடன்படிக்கையில் உலக நாடுகள் தாண்டாதிருக்க முயல்வதாகச் சொன்ன எல்லை 1.5 டிகிரி. அது பல ஆண்டுச் சராசரியைக் குறிப்பது என்பதால் ஓர் ஆண்டின் கணக்கைக் கொண்டு எல்லை கடந்துவிட்டதாகக் கூற இயலாது. எனினும் முழுமையான ஓர் ஆண்டு அந்தக் கோட்டுக்கு மேலே சென்றது அதுவே முதல்முறை. பசிபிக் கடலின் எல் நினோ நிகழ்வும் அவ்விரு ஆண்டுகளின் வெப்பத்துக்குத் துணை நின்றது. ஆனால் எல் நினோ முன்பும் வந்திருக்கிறது. அது ஏறி நிற்கும் தளம்தான் இப்போது உயர்ந்துவிட்டது.

வெப்பம் கூடினால் மழை ஏன் கூடுகிறது? காற்றின் வெப்பநிலை ஒரு டிகிரி உயரும்போது, அது தாங்கக்கூடிய நீராவியின் அளவு ஏறத்தாழ 7 விழுக்காடு உயர்கிறது. வறண்ட இடத்தில் அது மண்ணின் ஈரத்தை மேலும் உறிஞ்சுகிறது. கொட்டுகிற இடத்தில் ஒரேயடியாகக் கொட்டுகிறது. 2024 ஏப்ரலில் ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐன் பகுதியில் ஒரு நாளுக்குள் 254 மில்லிமீட்டர் பெய்தது. அதே ஆண்டு அக்டோபர் இறுதியில் ஸ்பெயினின் வலென்சியா வட்டாரத்தில் சில ஊர்கள் ஓராண்டு மழையை எட்டு மணி நேரத்தில் பெற்றன. இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2023இல் ஃபிரெடி புயல் ஐந்து வாரங்களுக்கும் மேலாக இந்தியப் பெருங்கடலில் அலைந்து மலாவியையும் மொசாம்பிக்கையும் சிதைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் லிபியாவின் டெர்னா நகருக்கு மேலே இருந்த இரண்டு அணைகள் உடைந்து ஆயிரக்கணக்கானோர் கடலுக்குள் அடித்துச் செல்லப்பட்டனர். 2021இல் கனடாவின் லிட்டன் ஊரில் 49.6 டிகிரி பதிவானது. மறுநாள் அந்த ஊரே தீக்கிரையானது.

நமக்கும் இது தொலைவுச் செய்தியன்று. 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடி மாவட்டத்தின் ஓராண்டுச் சராசரியைவிட இது மிகுதி. மறு ஆண்டு ஃபெஞ்சல் புயலின்போது விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் அரை மீட்டருக்கும் மேல் பெய்தது.

வறுமை மட்டும்தான் காரணமா?

ஏழைகள் எங்கும் சாகிறார்கள். இதில் சாதியை ஏன் இழுக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. இக்கேள்விக்கு அமெரிக்காவின் சிகாகோ நகரம் ஒரு விடை வைத்திருக்கிறது.

1995 ஜூலையில் அந்நகரைத் தாக்கிய வெப்ப அலையில் வழக்கத்தைவிடக் கூடுதலாக 739 பேர் இறந்தனர். சமூகவியலாளர் எரிக் கிளைனன்பர்க் இச்சாவுகளைத் தெருத்தெருவாக ஆராய்ந்தார். அருகருகே உள்ள இரண்டு குடியிருப்புப் பகுதிகளை அவர் ஒப்பிட்டார். ஒன்று கறுப்பின மக்கள் வாழும் வடக்கு லான்டேல். மற்றொன்று மெக்சிகோ வழியினர் மிகுந்த தெற்கு லான்டேல். இரண்டிலும் வறுமை உண்டு. தனித்து வாழும் முதியோரும் உண்டு. ஆனால் வடக்கில் சாவு விகிதம் தெற்கைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு. காரணம், வடக்குப் பகுதியைத் தொழிற்சாலைகளும் கடைகளும் நகர நிர்வாகமும் பல பத்தாண்டுகளாகக் கைவிட்டிருந்தன. தெருக்கள் வெறிச்சோடிக் கிடந்தன. வெளியே போக ஓர் இடமும் இல்லை. போக அச்சம் வேறு. முதியவர்கள் சன்னல்களை மூடிக்கொண்டு அறைக்குள்ளேயே வெந்து மடிந்தார்கள். ஆக, வறுமை ஒரு காரணம். ஒரு மக்கள் கூட்டத்தைத் தனியே ஒதுக்கி வைத்தது மற்றொரு காரணம். இரண்டையும் ஒன்றெனக் கொள்வது பிழை.

அங்கே இனத்தின் பெயரால் நடந்தது இங்கே சாதியின் பெயரால் நடக்கிறது. நம் நாட்டில் சாதி வாழுமிடத்தை மட்டும் பிரிப்பதில்லை, வேலையையும் பிரிக்கிறது. நாற்று நடுபவர், செங்கற்சூளையில் கல் அறுப்பவர், உப்பளத்தில் உப்பு வாருபவர், குப்பை அள்ளுபவர், சாலைக்குத் தார் ஊற்றுபவர் ஆகியோர் எந்தச் சாதிகளிலிருந்து மிகுதியாக வருகிறார்கள் என்பது எவருக்கும் தெரியாத ஒன்றன்று. அரசின் தொழிலாளர் கணக்கெடுப்புத் தரவுகளையும் வெப்பநிலைத் தரவுகளையும் இணைத்து அண்மையில் ஆராய்ந்த இந்திய ஆய்வாளர்கள், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பிறரைக் காட்டிலும் கூடுதலான வேலை நேரத்தை வெயிலில் கழிப்பதைக் காட்டியுள்ளனர். கல்வி, வருமானம் போன்ற வேறுபாடுகளைக் கழித்துப் பார்த்த பிறகும் சாதிக்கென்று ஒரு பங்கு எஞ்சி நிற்கிறது.

வெயிலில் உழைப்பவர் உடலில் நிகழ்வது எளிய இயற்பியல். வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை ஆவியாவதில்லை. வெப்பத்தையும் ஈரத்தையும் சேர்த்து அளக்கும் ஈரக்குமிழ் வெப்பநிலை 35 டிகிரியை எட்டினால், நல்ல உடல்நலம் உள்ளவர்கூட நிழலில் சும்மா இருந்தாலும் சில மணி நேரத்துக்கு மேல் தாங்குவது அரிது என்பது நெடுங்காலக் கணிப்பு. உழைக்கும் உடலுக்கு அந்த எல்லை இன்னும் கீழே இருக்கிறது. கடலோர மாவட்டங்களில், நீர் தேங்கிய வயலில் குனிந்து நடவு செய்யும் பெண்ணுக்கு வெப்பமானி காட்டும் 38 டிகிரி, வடநாட்டின் வறண்ட 44 டிகிரியைவிடக் கொடியதாக இருக்கக்கூடும்.

2024 மக்களவைத் தேர்தலின் இறுதிக் கட்ட வாக்குப்பதிவு நாளில் உத்தரப் பிரதேசத்தில் மட்டும் தேர்தல் பணியில் இருந்த 33 பேர் வெப்பத்தால் இறந்ததாக அம்மாநிலத் தேர்தல் அதிகாரி அறிவித்தார். அவர்களுள் காவலாளிகளும் துப்புரவுப் பணியாளர்களும் இருந்தனர்.

தாழ்நிலத்தில் வைக்கப்பட்டவர்கள்

வெள்ளம் பள்ளத்தை நோக்கிப் பாயும். பள்ளத்தில் யார் குடியமர்த்தப்பட்டார்கள் என்பதே கேள்வி. ஊர் மேட்டிலும் சேரி வடிகால் ஓரத்திலும் அமைந்த கிராமங்கள் காவிரிப் படுகையில் ஒன்றிரண்டு அல்ல. 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025இல் தமிழக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அது வரவேற்கத்தக்கது. ஆனால் பெயர்ப்பலகை மாறுவதால் நிலத்தின் மட்டம் உயர்வதில்லை.

நகரத்தில் இதே ஏற்பாடு நம் காலத்திலேயே புதிதாகச் செய்யப்பட்டது. 2015 சென்னை வெள்ளத்துக்குப் பிறகு, கூவம், அடையாறு கரைகளில் வாழ்ந்த குடும்பங்கள் வெள்ள ஆபத்திலிருந்து காக்கப்படுவதாகச் சொல்லி வெளியேற்றப்பட்டன. அவர்களுள் தலித் மக்களே மிகுதி. அனுப்பப்பட்ட இடங்களில் முதன்மையானது பெரும்பாக்கம். பெரும்பாக்கமும் அதன் அருகிலுள்ள செம்மஞ்சேரியும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதிகள். பெருமழை பெய்தால் நீர் சூழ்பவை. வெள்ளத்திலிருந்து காப்பதாகச் சொல்லி வெள்ளத்துக்குள்ளேயே கொண்டுபோய் வைத்தார்கள். பழைய இடத்தில் பிழைப்பாவது பக்கத்தில் இருந்தது.

கடல் கடந்தும் இதே வரலாறுதான். இலங்கையின் மலையகத் தமிழர்கள், பிரித்தானியர் காலத்தில் தமிழகத்திலிருந்து தோட்ட வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். அவர்களுள் பெரும்பான்மையோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். அவர்கள் வாழும் லயன் அறைகள் மலைச் சரிவுகளில் கட்டப்பட்டவை. நிலமோ வீடோ பெரும்பாலோர் பெயரில் இல்லை. 2014 அக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டம் கொஸ்லந்தை அருகே மீரியபெத்தையில் மலை சரிந்து லயன் வரிசைகள் மண்ணுக்குள் புதைந்தன. அந்தச் சரிவு ஆபத்தானது என்று முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. போவதற்கு வேறு நிலம் இல்லாதவர்களுக்கு எச்சரிக்கையால் என்ன பயன்? 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் இலங்கையைத் தாக்கி அறுநூறுக்கும் மேற்பட்டோரைக் கொன்றபோது மலையகச் சரிவுகள் மீண்டும் இடிந்தன. நிலவுரிமை என்பது மலையகத்தில் உயிர் காக்கும் கோரிக்கை என்பதை அந்த மக்கள் நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள்.

நிவாரணத்தில் நிற்கும் வரிசை

நீர் வடிந்த பிறகு இரண்டாம் பேரிடர் தொடங்குகிறது. 2004 ஆழிப்பேரலைக்கும் பருவநிலை மாற்றத்துக்கும் தொடர்பில்லை. ஆனால் நிவாரணம் எவ்வாறு சாதிவழி நடக்கிறது என்பதை அது உலகறியக் காட்டியது. நாகப்பட்டினத்தில் தலித் குடும்பங்கள் பொது முகாம்களிலிருந்து ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. அழுகிய உடல்களை அகற்ற வெளியூர்களிலிருந்து தலித் துப்புரவுத் தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டார்கள். 2008இல் கோசி ஆறு கரை உடைத்துப் பீகாரை மூழ்கடித்தபோது முசகர் உள்ளிட்ட மக்களுக்கு மீட்புப் படகும் உணவும் கடைசியாகவே கிட்டின. 2010 பாகிஸ்தான் வெள்ளத்தில் சிந்து மாகாணத்தின் பாக்ரி முதலான பட்டியல் சாதி இந்துக்கள் முகாம்களிலிருந்து விரட்டப்பட்ட செய்திகள் வெளியாயின. எல்லைக்கோட்டின் இரு பக்கமும் ஆட்சி வேறு, மதம் வேறு. தீண்டாமை மட்டும் ஒன்றே.

சட்டம் இல்லாமல் இல்லை. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், அதன் 61ஆம் பிரிவில், இழப்பீடும் நிவாரணமும் வழங்குகையில் பால், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் ஆகியவற்றின் பெயரால் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. ஆனால் மீறுவோருக்கு என்ன தண்டனை என்று அப்பிரிவு சொல்லவில்லை.

வெளிப்படையான விலக்கலைவிட நுட்பமானது இழப்பீட்டின் இலக்கணம். பயிர் அழிந்தால் பணம் நிலவுடைமையாளர் பெயருக்குப் போகிறது. அந்தப் பயிரை நட்டு, களை பறித்து, அறுப்புக் கூலியை நம்பியிருந்தவர் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் தஞ்சை, புதுக்கோட்டை, திருவாரூர், நாகை மாவட்டங்களின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது விழுந்த மரங்கள் எண்ணப்பட்டன. இழப்பீடு மரத்துக்கு இவ்வளவு என்று கணக்கிடப்பட்டது. தென்னை மறுபடி காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை தேங்காய் பறித்தும் உரித்தும் பிழைத்தவர்கள் இழந்த கூலிநாட்களை எவரும் எண்ணவில்லை.

எண்ணப்படாத சாவு

ஒரு சாவு பேரிடர்ச் சாவாகப் பதிவானால்தான் அது அரசின் பொறுப்பாகிறது. 2017இல் மரியா சூறாவளி புவேர்ட்டோ ரிக்கோவைத் தாக்கியபோது அரசு சொன்ன சாவுக் கணக்கு 64. மக்கள் அதை ஏற்கவில்லை. மின்சாரமும் மருந்தும் இன்றி மாதக்கணக்கில் மாண்டவர்களையும் சேர்த்து ஒரு பல்கலைக்கழகம் ஆராய்ந்த பின், 2018 ஆகஸ்டில் அதே அரசு 2,975 என்று திருத்திக்கொண்டது. எண்ணும் முறை மாறியதும் கணக்கு நாற்பது மடங்குக்கும் மேல் உயர்ந்தது.

நம் நாட்டில் வெப்பத்தால் நேரும் சாவுகள் பெரும்பாலும் இப்படித்தான் மறைகின்றன. வயலில் சுருண்டு விழுந்தவரின் சாவு மாரடைப்பு என்று எழுதப்படுகிறது. ஒன்றிய அரசின் நிவாரண நிதிக்கு உரிய பேரிடர்ப் பட்டியலில் புயல், வெள்ளம், வறட்சி, நிலச்சரிவு, குளிர் அலைகூட உண்டு. வெப்ப அலை இடம்பெறவில்லை. தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் வழங்க வழி செய்தது. இது ஒரு நல்ல முன்னடி. ஆனால் சாவுக்கு வெப்பமே காரணம் என்று சான்று வேண்டும். அன்றாடக் கூலியின் குடும்பம் அந்தச் சான்றுக்காக எத்தனை அலுவலகப் படிகள் ஏற வேண்டும் என்பதில்தான் இவ்வாணையின் உண்மையான மதிப்பு தெரியும்.

அகமதாபாத்தில் 2010 மே மாத வெப்ப அலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடுதலாக இறந்ததைத் தொடர்ந்து, 2013இல் அந்நகரம் வெப்பச் செயல்திட்டம் வகுத்தது. அதைப் பின்பற்றிப் பல மாநிலங்களும் திட்டம் தீட்டின. கொள்கை ஆராய்ச்சி மையம் 2023இல் 18 மாநிலங்களின் 37 திட்டங்களை ஆராய்ந்தபோது, பாதிப்புக்கு உள்ளாகக்கூடியவர் யார், எங்கே இருக்கிறார்கள் என்று முறையாக மதிப்பிட்டவை இரண்டு மட்டுமே என்பது தெரியவந்தது. யாரைக் காக்க வேண்டும் என்று தெரியாமலேயே காப்புத் திட்டம் எழுதப்படுகிறது.

வெளியே கேட்கும் நீதி, உள்ளே வேண்டாமா?

2022 வெள்ளத்தில் பாகிஸ்தானில் 1,700க்கும் மேற்பட்டோர் இறந்தனர், 3.3 கோடிப் பேர் பாதிக்கப்பட்டனர். உலகின் கரிம வெளியீட்டில் அந்நாட்டின் பங்கு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. செய்யாத குற்றத்துக்கு ஏன் தண்டனை என்ற வாதமே அந்த ஆண்டு நவம்பரில் எகிப்தில் கூடிய மாநாட்டில் இழப்பு, சேதத்துக்கான நிதியம் அமைக்க உலக நாடுகளை ஒப்புக்கொள்ள வைத்தது. இந்தியாவும் ஒவ்வொரு மாநாட்டிலும் இதே நீதியைப் பேசுகிறது: தலைக்கு எவ்வளவு வெளியீடு என்று பாருங்கள், வரலாற்றுப் பொறுப்பைப் பாருங்கள் என்கிறது. நியாயமான வாதம்.

அதே வாதத்தை நாம் ஊருக்கும் சேரிக்கும் இடையே வைக்கிறோம். குளிரூட்டியும் மகிழுந்தும் இல்லாத, ஓர் அறையில் ஐந்து பேர் உறங்கும் குடும்பத்தின் தலைக்கு எவ்வளவு வெளியீடு? 2019இல் உலகின் பெருஞ்செல்வர்களான ஒரு விழுக்காட்டினர் வெளியிட்ட கரிமம், அடித்தட்டில் உள்ள மூன்றில் இரண்டு பங்கு மக்கள் வெளியிட்டதற்கு நிகர் என்று ஆக்ஸ்பாம் கணக்கிட்டது. பணக்கார நாடுகளிடம் வரலாற்றுப் பொறுப்பைக் கேட்கும் அரசு, தன் மண்ணில் நீரையும் நிலத்தையும் நூற்றாண்டுகளாக மறுத்தவர்களின் வரலாற்றுப் பொறுப்பைப் பற்றி வாய் திறப்பதில்லை. 1927இல் மகாத் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் அள்ளிக் குடித்த நீர் இந்த வரலாற்றின் சாட்சி. வறட்சி கூடக் கூட, பொதுக் கிணறு யாருடையது என்ற கேள்வி கூர்மையாகுமே தவிர மழுங்காது.

நாம் கேட்பது என்ன?

பேரிடர் நேரத்தில் சாதி பேசாதீர்கள் என்கிறார்கள். அப்படியானால் பேரிடருக்கு முன்பே பேச வேண்டும். நாம் முன்வைப்பவை இவை.

முதலாவது, வெப்ப அலை ஒன்றிய அரசின் பேரிடர்ப் பட்டியலில் சேர்க்கப்பட வேண்டும். இரண்டாவது, சாவு, வீட்டிழப்பு, நிவாரணம் ஆகியவற்றின் கணக்குகள் சாதிவாரியாக வெளியிடப்பட வேண்டும். பாகுபாடு இல்லை என்று சொல்லும் அரசு கணக்கைக் காட்டுவதில் தயங்க ஒன்றுமில்லை. மூன்றாவது, நிலமற்றோர் இழக்கும் கூலிநாட்களுக்கும் இழப்பீடு வேண்டும். நான்காவது, 61ஆம் பிரிவை மீறும் அலுவலருக்குத் தண்டனை வரையறுக்கப்பட வேண்டும்.

ஐந்தாவது, வெயிலில் வேலை செய்வோருக்கு நீரும் நிழலும் கூலியுடன் கூடிய ஓய்வும் சட்ட உரிமையாக வேண்டும். பண்ணைத் தொழிலாளர்கள் வெயிலில் மாண்ட பிறகு, கலிபோர்னியா 2005இலேயே நீரையும் நிழலையும் ஓய்வையும் கட்டாயமாக்கியது. எதிர்த்திசையும் உண்டு: 2023இல் டெக்சாசும் 2024இல் புளோரிடாவும் உள்ளூர் நிர்வாகங்கள் இத்தகைய பாதுகாப்பை விதிப்பதையே சட்டம் போட்டுத் தடுத்தன. கேட்டுப் பெறாத உரிமை நிலைக்காது என்பதற்கு இது பாடம்.

ஆறாவது, மேட்டு நிலத்தில் வீட்டுமனைப் பட்டா. 1892 முதல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென ஒதுக்கப்பட்டுப் பின்னர் பிறர் கைக்குப் போன பஞ்சமி நிலங்களை மீட்கக் கோரிப் பல பத்தாண்டுகளாகப் போராடி வருகிறோம். 1994இல் காரணையில் இக்கோரிக்கைக்காகத் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பறிபோயின. அதை இனிமேல் பருவநிலைப் பாதுகாப்பின் கோரிக்கையாகவும் எழுப்ப வேண்டும். நிலம் உள்ளவருக்கே ஒதுங்க இடம் உண்டு.

அடுத்த அக்கினி நட்சத்திரமும் அதை அடுத்த வடகிழக்குப் பருவமழையும் தவறாமல் வரும். எவ்வளவு டிகிரி, எத்தனை சென்டிமீட்டர் என்பதை வானிலை மையம் சொல்லும். எந்தத் தெருவில் முதலில் நீர் ஏறும், எந்தத் தெருவுக்குக் கடைசியாகப் படகு வரும் என்பதை அறிய எந்தக் கருவியும் தேவையில்லை; ஊராட்சி எழுத்தருக்கும் வட்டாட்சியருக்கும் அது இன்றே தெரியும். தெரிந்தும் தடுக்காத சாவை இயற்கைச் சாவு என்று எழுத நாம் இசையக் கூடாது.